சதுர அடி விலைக்குள் மறைந்திருப்பவை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் புதுவீட்டு உள்வேலைகள் பற்றி வந்த கட்டுரை, எந்தச் சுவருக்கு எந்த நிறம் எடுக்கும், எந்த மாடல் இப்போது நடப்பில் இருக்கிறது என்பதையெல்லாம் அழகாகச் சொன்னது. ஆனால் மனை வாங்கி, தங்கள் தேவைக்கேற்ப வரைபடம் போட்டு வீடு கட்டுகிறவர்கள் நிறத்தில் பணத்தை இழப்பதில்லை. "தரமான பிளைவுட், நல்ல கம்பெனி டைல்ஸ், சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒற்றை வரியில் எழுதிய மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடும்போதுதான் இழக்கிறார்கள். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

மரவேலையில்தான் கணக்கு அதிகம் புரளும். அலமாரிக்குச் சதுர அடி விலை என்றால் முகப்பின் அளவைத்தான் கணக்கிடுவார்கள். 7 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழமுள்ள அலமாரியின் முகப்பு 49 சதுர அடி. உள்ளே போகும் பலகை எவ்வளவு? கதவுகளுக்கு 49, இரு பக்கங்களுக்கு 28, மேலும் கீழும் 28, நடுத்தடுப்புக்கு 14, மூன்றரை அடி அகலத்தில் 6 தட்டுகளுக்கு 42. மொத்தம் 161 சதுர அடி. 8க்கு 4 ஷீட் ஒன்று 32 சதுர அடி என்பதால், வெட்டுச் சேதாரத்தோடு 6 ஷீட் வேண்டும். முதுகுப் பலகைக்கு 6 மி.மீ. ஷீட் 2 தனி. இரண்டு பேர் ஒரே விலை சொல்லி, ஒருவர் தட்டுகளை 19 மி.மீ. பலகையிலும் மற்றவர் 12 மி.மீ. பலகையிலும் செய்தால், முகப்பில் வித்தியாசமே தெரியாது. ஒரு வருடத்தில் புடவை அடுக்கின் பாரத்தில் தட்டு நடுவில் தொய்யும்போது தெரியும். ஆகவே பாகம் பாகமாகத் தடிமனையும், தட்டு, இழுப்பறைகளின் எண்ணிக்கையையும் எழுதி வாங்க வேண்டும்.

அடுத்தது தரம். "வாட்டர் ப்ரூஃப் பிளைவுட்" என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகப் பலகைக்கான தர எண். அதிலேயே எம்.ஆர். என்ற வகை ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீரைத் தாங்கும் வகை, அதற்கு ஒரு படி மேல். கடைக்காரர்கள் மரைன் என்று சொல்வது ஐ.எஸ். 710, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடாமல் நிற்க வேண்டிய பலகை. ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு எந்தப் பொருளுக்கு உரிமம் தந்திருக்கிறார்கள் என்பது வந்துவிடும். சரக்கு இறங்கும் அன்றே, வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மைக்கா ஒட்டிய பிறகு எந்தப் பலகையும் ஒரே பலகைதான். முதல் ஷீட்டை அறுத்ததும் ஓரத்தைப் பாருங்கள். நடு அடுக்குகளில் விரல் நகம் நுழையும் சந்து இருந்தால் அங்கே திருகு பிடிக்காது.

வீடு முழுக்க 710 போட வேண்டும் என்பதில்லை. படுக்கையறை அலமாரிக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். குளியலறைச் சுவரை ஒட்டி வரும் அலமாரியின் முதுகுக்கு மட்டும் 710 போட்டு, சுவருக்கும் பலகைக்கும் இடையே அரை இன்ச் இடம் விடுங்கள். சிங்க்கின் அடிப்பகுதிக்கு எந்தப் பலகையுமே வேண்டாம் என்பேன். நம் ஊரில் பழகிய முறைதான் அங்கே சிறந்தது: கடப்பா கல்லில் தடுப்பும் தட்டும் அமைத்து, கதவுக்கு மட்டும் பிளைவுட். தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் வீட்டில் பலகைப் பெட்டியைத் தரையில் உட்கார வைக்கவே கூடாது. 4 இன்ச் பிளாஸ்டிக் கால் கொடுத்துத் தூக்குங்கள். பார்ட்டிகிள் போர்டை அடுப்படியில் தவிருங்கள். ஒருமுறை ஊறினால் உப்பிவிடும். கீல் திருகு கழன்றால் அதே துளையில் மறுபடி நிற்காது.

கதவு வளைவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிப்புறம் 1 மி.மீ. மைக்கா ஒட்டிவிட்டு உட்புறத்துக்குப் பெயிண்ட் அடிப்பது. ஒரு முகம் ஈரத்தை வாங்கி விரியும், மறுமுகம் விரியாது. உள்ளேயும் லைனர் எனப்படும் 0.8 மி.மீ. மெல்லிய மைக்கா ஒட்ட வேண்டும். அறுத்த ஓரங்கள் நான்கிலும், கண்ணுக்குத் தெரியாத அடி ஓரம் உட்பட, ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டை வேண்டும். 7 அடிக் கதவுக்கு 5 கீல். மூன்றோடு நிறுத்தினால் கதவு தொங்கிப்போய் இழுப்பறையில் இடிக்கும்.

தரைக்கு வருவோம். தரையில் என்ன போடப் போகிறோம் என்பதைப் பூச்சு வேலை முடிந்தபின் யோசிப்பதுதான் வழக்கமாகிவிட்டது. மாடிப்படி வார்க்கச் சட்டம் அடிப்பதற்கு முன்பே அது முடிவாகியிருக்க வேண்டும். கலவையும் கல்லுமாகக் கூடத்துத் தரை 3 இன்ச் உயரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். படிகளின் மேல் 18 மி.மீ. கிரானைட்டும் அரை இன்ச் கலவையும் சேர்ந்து ஒன்றேகால் இன்ச்தான் ஏறும். கான்கிரீட்டில் எல்லாப் படியும் ஆறரை இன்ச் என்று சமமாக வார்த்துவிட்டால், வேலை முடிந்தபின் முதல் படி நாலே முக்கால் இன்ச்சாகக் குறுகும். மாடித் தரையும் 3 இன்ச் ஏறுவதால் கடைசிப் படி எட்டேகால் இன்ச்சாக உயரும். பெரியவர்கள் தடுக்கி விழுவது இந்த இரண்டு படிகளில்தான். முதல் படியை எட்டேகாலாகவும் கடைசிப் படியை நாலே முக்காலாகவும் வார்த்திருந்தால் எல்லாம் ஆறரையில் வந்து நிற்கும். கூடத்தில் கிரானைட்டும் அறையில் டைல்ஸும் போடுகிறவர்கள் நிலைவாசல் வைக்கும் முன்பே இரண்டின் மட்டத்தையும் மேஸ்திரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தேக்குக் கதவின் அடியை இழைக்க வேண்டிவரும்.

டைல்ஸ் எத்தனை பெட்டி? 2க்கு 2 டைல்ஸ் பெட்டியில் 4 இருக்கும், 15.5 சதுர அடி. 20க்கு 14 கூடத்துக்கு 19 பெட்டி. சுவரடியில் ஒட்டும் 4 இன்ச் ஸ்கர்டிங்குக்கு 2 பெட்டி. சேதாரத்துக்கும் பின்னாளில் மாற்றுவதற்கும் 2. ஆக 23. எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒரு மாதம் கழித்து அதே பெயரில் வாங்கும் பெட்டி அதே நிறத்தில் வரும் என்று சொல்ல முடியாது.

விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அரை சதவீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சும். கறை பிடிக்காததற்கு அதுதான் காரணம், சிமென்ட் பால் பிடிக்காததற்கும் அதுதான் காரணம். ஆகவே பழைய பீங்கான் டைல்ஸ் போல் சிமென்ட் பாலை மட்டும் நம்பக் கூடாது. ஐ.எஸ். 15477 தர எண்ணுள்ள பசையை, தரையில் பல்கரண்டியால் சீவிப் பரப்பி ஒட்ட வேண்டும். டைல்ஸின் முதுகில் இருக்கும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைக்காமல் ஒட்டினால் பசை பொடியைத்தான் பிடிக்கும். 20 கிலோ மூட்டை 3 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும். நாலு மூலையிலும் நாலு உருண்டை பசை வைத்து அமுக்கினால் நடுவில் வெற்றிடம் நிற்கும். சிலிண்டரை நகர்த்தும்போது அங்கேதான் உடையும். சந்தே தெரியாமல் ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். டைல்ஸ்களுக்கு இடையே சந்து விட 2 மி.மீ. ஸ்பேசரும், சுவரோரம் ஸ்கர்டிங் மறைக்கும்படி 5 மி.மீ. இடமும் இல்லாவிட்டால் கோடை வெயிலில் டைல்ஸ் கூரைபோல் எழும்பிக்கொள்ளும்.

குளியலறையில் டைல்ஸ் கடைசி. அதற்கு முன் நீர்க்காப்புப் பூச்சு முடித்து, தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வைத்து, கீழ்த்தளத்துக் கூரையைப் பார்க்க வேண்டும். வாட்டம் 80க்கு 1: 8 அடி நீளத்துக்கு ஒன்றேகால் இன்ச். பெரிய டைல்ஸில் இந்த வாட்டம் வராது, 1க்கு 1 அடி டைல்ஸ் எடுங்கள். வழுக்காமல் இருக்க ஆர் 10, ஆர் 11 என்ற வழுக்கல் தடுப்புக் குறியீட்டைக் கேளுங்கள்; கடையில் கையால் தடவிப் பார்ப்பது சோப்பு நுரையில் உதவாது.

அடுப்படி மேடைக்கு மார்பிள் வேண்டவே வேண்டாம். அது சுண்ணாம்புக் கல்லிலிருந்து உருவானது. புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிவிடும், துடைத்தால் போகாது. குவார்ட்ஸ் என்பது கல்தூளைப் பிசினால் பிணைத்தது. அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிப் பானையை நேரே வைத்தால் தடம் விழும். நம் சமையலுக்கு கிரானைட்தான். கறுப்பு கிரானைட்டில் மட்டும் சாயம் ஏற்றி விற்பதுண்டு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், துணி கறுத்தால் வாங்காதீர்கள்.

கைப்பிடிகளுக்கும் படிக்கட்டுக் கம்பிகளுக்கும் காந்தம் வைத்துப் பார்த்து, துருப்பிடிக்காத எஃகைச் சோதிப்பவர்கள் பலர். 202, 304 என்ற எஃகு ரகங்கள் இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. 304இல் நிக்கல் சுமார் 8 சதவீதம், 202இல் அதில் ஏறக்குறைய பாதி. கடலோர ஊர்களில் 202 விரைவில் துருப்புள்ளி போடும். பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் பிடிமானம்.

சுவருக்கு ஒன்றே ஒன்று: அவசரப்படாதீர்கள். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் பட்டி பார்க்கும் காலம் வரவில்லை. கோணல் சுவரைப் பட்டியால் நேராக்குவதாகச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். தடித்த பட்டி உரிந்து விழும். நேராக்குவது பூச்சின் வேலை. உப்பு பூத்த சுவரில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அடிக்கும் எந்தப் பெயிண்டும் நிற்காது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு தாள் போதும். பொருள், தர எண், தடிமன், அளவெடுக்கும் முறை, ஒட்டும் முறை என்று ஐந்து பத்திகள். தங்கள் இணைப்பிதழில் இப்படியொரு மாதிரிப் படிவத்தை வெளியிட்டால் வாசகர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதன் கடைசி வரியாக இதையும் சேர்க்க வேண்டுகிறேன்: உள்வேலைத் தொகையில் 5 சதவீதத்தை, வேலை முடிந்து ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்தபின் தருவது என்று முன்கூட்டியே இரு தரப்பும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வைப் பொறியாளர்,
தாம்பரம்.