அல்மேரவில் கொஃபிஷொப் தேடும் மகளுக்கு

அன்பு மகள் தர்ஷிக்கு,

மாமாவின் பிள்ளைகள் மூன்று பேரும் லண்டனிலிருந்து உன்னிடம் வந்து நிற்கப்போகிறார்கள், மூத்தவர்கள் இரண்டு பேரும் கஞ்சா விற்கிற கொஃபிஷொப் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள், ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் நீ இருக்கிற அல்மேரவில் எங்கே போவது என்று எழுதியிருந்தாய். கேட்டது நல்லது. ரயில் நிலைய வாசலில் நிற்கிற யாரோ ஒருவனை அவர்கள் நம்பிப் போவதைவிட நீ என்னைக் கேட்பது எவ்வளவோ மேல். இங்கே நெதர்லாந்தில் நகரசபை அனுமதிப் பிரிவில் இருப்பவளுக்கு இந்த விதிகள் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் குடிப்பது எனக்குப் பிடிக்குமா இல்லையா என்பது வேறு கதை. அதை நேரில் கதைக்கலாம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள். ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற மாதிரி எல்லா ஊரிலும் கடை இருக்கும் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நெதர்லாந்தில் 342 நகரசபைகள் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு கொஃபிஷொப்கூடக் கிடையாது. கடை வைக்க விடுவதா, எத்தனை, எங்கே என்பதையெல்லாம் அந்தந்த ஊர் மேயரும் சபையும்தான் தீர்மானிக்கிறார்கள். ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்த ஊருக்குப் பூச்சியக் கொள்கை என்று பெயர். தேவாலயப் பிடிப்பு அதிகமான ஊர்களிலும், நடுத்தரக் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடியேறுகிற அமைதியான புறநகர்களிலும் அதுதான் வழக்கம். ஆகவே புறநகரில் கடை தேடும்போது வரைபடத்தைத் திறக்க முதல், நிற்கிற இடம் எந்த நகரசபைக்குச் சொந்தம் என்று பார். வாய்க்காலைத் தாண்டினால் விதி மாறிவிடும்.

அந்த விதத்தில் உனக்கு வாய்ப்பு நல்லது. அல்மேரவில் கடை உண்டு. அதோடு, நாடு முழுவதிலும் பத்து நகரசபைகளில் மட்டும் நடக்கிற வீட் (கஞ்சா) பரிசோதனையில் அல்மேரவும் ஒன்று. மற்ற ஒன்பதும் சான்ஸ்டாட், ஆர்ன்ஹெம், பிரெடா, டில்பர்க், குரோனிங்கன், ஹேர்லன், மாஸ்ட்ரிக்ட், நைமேகன், ஃபோர்ன ஆன் சேய். இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன்.

ஓப்பியச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோது போதைப்பொருளை இரண்டு பட்டியலாகப் பிரித்தார்கள்: கடுமையானது, மென்மையானது. (அதே வருடக் கடைசியில்தான் அல்மேரவின் முதல் வீடுகளில் ஆட்கள் குடிவந்தார்கள். உன் ஊருக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரே வயது.) கஞ்சா மென்மையான பட்டியலில் போனது, ஆனால் சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை. பரிசோதனைக்கு வெளியே விற்பது இன்றைக்கும் குற்றம்தான். விதிகளுக்குள் விற்றால் வழக்குப் போடுவதில்லை, அவ்வளவே. முன் கதவால் விற்பதைப் பொறுத்துக்கொள்வார்கள். பின் கதவால் சரக்கு உள்ளே வருவது மட்டும் முழுக் குற்றம். இந்த முரண்பாட்டால் கடைக்காரனுக்கே தான் விற்கிற சரக்கு எங்கே வளர்ந்தது, என்ன மருந்து தெளித்தது என்று தெரியாது. அதைச் சரிசெய்து பார்க்கத்தான் பரிசோதனை. 2023 டிசம்பர் 15இல் பிரெடாவிலும் டில்பர்க்கிலும் தொடங்கியது, 2024 ஜூனில் மற்ற ஊர்களும் சேர்ந்தன. 2025 ஏப்ரல் 7இலிருந்து அந்தப் பத்து ஊர்க் கடைகளும் அரசு தெரிவுசெய்த வளர்ப்பாளர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. ஹஷ் (கஞ்சாப் பிசின்) போதாமல் போனதால் அதற்கு மட்டும் இன்னும் சில மாதம் தவணை கொடுத்தார்கள்.

உன்னிடம் வருகிறவர்களுக்கு இதனால் என்ன வித்தியாசம்? சரக்கு பூஞ்சைக்கும் பூச்சிமருந்துக்கும் கன உலோகத்துக்கும் சோதிக்கப்பட்டு, மூடி ஒட்டிய பொதியில் வரும். பொதியில் போதை தருகிற டிஎச்சி எத்தனை சதவீதம், போதை தராத சிபிடி எத்தனை, எடை எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். ஆம்ஸ்டர்டாமில் கண்ணாடிச் சாடியைத் திறந்து மணந்து பார்த்து வாங்கிப் பழகியவர்கள் இங்கே வந்து முணுமுணுப்பார்கள். என் கணக்கில் மணத்தைவிட அச்சிட்ட இலக்கம் பெறுமதி. பொதியை எறியாமல் வைத்திருக்கச் சொல். எவ்வளவு எடுத்தோம் என்று பிறகு கணக்குப் பார்க்க அதுதான் ஆதாரம்.

கடையைக் கண்டுபிடிக்கிற முறை இது. அல்மேர நகரசபைத் தளத்தில் கொஃபிஷொப் கொள்கை என்று டச்சில் தேடு. எங்கெங்கே அனுமதி, திறக்கிற நேரம், பாடசாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு வரைபடத்தில் பெயரைப் பார். கடைக்கு விளம்பரம் செய்ய அனுமதி இல்லாததால் கஞ்சா இலை போட்ட பெரிய பலகையை எதிர்பார்க்காதே. பெயரும் கதவும் மட்டும் இருக்கும், விலைப்பட்டியல் உள்ளேதான். புறநகர்க் கடைகள் பெரும்பாலும் வீடுகளுக்கு நடுவில் இராது. நகர மையத்தின் ஓரத்திலோ, பெருந்தெருவுக்கு அருகிலோ, தொழிற்பேட்டையிலோ தள்ளி வைத்திருப்பார்கள். வெறும் கோப்பி என்று தேடினால் கேக்கும் கப்புச்சீனோவும் விற்கிற கடைகள்தான் வரும். ஸ்மார்ட்ஷொப் (மூலிகை வகை விற்பது), சிபிடி கடை, ஹெட்ஷொப் (புகைக்கிற சாமான் விற்பது) எல்லாம் வேறு வியாபாரம், அங்கே வீட் விற்க முடியாது. வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று டெலிகிராமில் எழுதுகிறவன் எந்தக் கடையின் ஆளும் இல்லை. கடைக்கு வெளியே விற்பது, அனுப்புவது இரண்டுமே அனுமதியைப் பறிக்கிற குற்றம். தெருவில் வாங்குகிறவன் என்ன வாங்குகிறான் என்று அவனுக்கே தெரியாது: 2014 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் தெருவில் கொக்கேயின் என்று சொல்லி வெள்ளை ஹெரோயின் விற்றார்கள், பிரித்தானியாவிலிருந்து வந்த இளைஞர்கள் இறந்துபோனார்கள்.

இனி ஒரு முக்கியமான கேள்வி: வெளிநாட்டவருக்கு விற்பார்களா? 2013இலிருந்து தேசிய விதிப்படி நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். ஆனால் அதை அமுல்படுத்துவது ஊருக்கு ஊர் வேறு. ஆம்ஸ்டர்டாம் அமுல்படுத்துவதில்லை. மாஸ்ட்ரிக்ட் கடுமையாகப் பிடிக்கிறது. அங்கே அடையாள அட்டையோடு வதிவிடப் பதிவுச் சான்றும் கேட்பார்கள், லண்டன் கடவுச்சீட்டைக் காட்டினால் வாசலோடு சரி. எல்லையோர ஊர்களின் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. பெல்ஜியத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் கார் கார் ஆக வந்து குவிந்ததால் ரோசன்டாலும் பெர்கன் ஒப் சோமும் 2009இல் தங்கள் கடைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டன. ஆகவே உன் ஊர்க் கொள்கையில் வதிவிட நிபந்தனை என்ற பகுதியை வாசி, அல்லது கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேள். ஒரு நிமிட வேலை. வந்து வாசலில் திரும்பிப் போகிற அவமானம் மிச்சம்.

சின்னவனைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அவனுக்கு இன்னும் 18 ஆகவில்லை. அவனைக் கடைக்குள் கூட்டிப்போகவே முடியாது, வாங்காமல் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. உள்ளே 18 வயதுக்குக் குறைந்த ஒருவன் பிடிபட்டால் மேயர் கடையைப் பூட்டலாம். அதனால்தான் வாசலில் நிற்கிறவர் நரைத்த தலையையும் அட்டை கேட்கிறார். அண்ணன்மார் வாங்கி வந்து அவனுக்குக் கொடுத்தால் அது அவர்கள் தலையில் விழுகிற குற்றம், உன் வீட்டில் நடந்தால் உன் தலையிலும். அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வேறு எங்காவது போ.

கடைக்குப் போகும்போது அசல் கடவுச்சீட்டு வேண்டும்; தொலைபேசியில் எடுத்த படம் செல்லாது. காசும் கொஞ்சம் வைத்திருக்கச் சொல், கடன் அட்டை எடுக்கிற கடைகள் குறைவு. ஒரு கிராம் வீட் பெரும்பாலும் 10 முதல் 15 யூரோ வரை. ஒருவருக்கு ஒரு கடையில் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் விற்க மாட்டார்கள். கையில் வைத்திருப்பதற்கும் அதே 5 கிராம்தான் எல்லை. இரண்டு கடையில் மும்மூன்று கிராம் வாங்கிப் பையில் போட்டால் எல்லை தாண்டியாயிற்று. அதற்கு மேல் பிடிபட்டால் பொலிஸ் பறிக்கும், வழக்கும் வரலாம். வழக்கு உன் பெயரில் வந்தால் பிறகு வேலைக்கு நன்னடத்தைச் சான்று கேட்கும்போது அது வந்து நிற்கும். அவர்களுடையதை உன் பையில் வாங்கி வைக்காதே.

பரிசோதனை இல்லாத ஊர்களில் கடைக்குள் 500 கிராமுக்கு மேல் சரக்கு வைக்க முடியாது. சனிக்கிழமை பின்னேரம் நல்ல வகைகள் தீர்ந்துபோவதற்கும், யாரோ ஒருவன் சின்னச் சின்னப் பொதியாகக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டே இருப்பதற்கும் காரணம் இதுதான். அல்மேரக் கடைக்கு ஒரு வாரத்துக்குத் தேவையானதை வைத்திருக்க அனுமதி உண்டு, ஆகவே அந்தத் தொல்லை குறைவு.

எங்கே வைத்துக் குடிப்பது என்பதில்தான் புறநகரில் ஆட்கள் இடறுகிறார்கள். பல கடைகள் வாங்கிக்கொண்டு போகிற கடைகள் மட்டும், உட்கார இடம் இராது. உட்கார இடமுள்ள கடையிலும் மது கிடையாது. 2008 ஜூலையிலிருந்து புகையிலை கலந்து புகைக்கவும் முடியாது. தனி வீட் மட்டும், அல்லது கடை தருகிற மூலிகைக் கலவையோடு. லண்டன்காரர் புகையிலை கலந்துதான் பழக்கம், அதனால் முதலே சொல்லி வை. வெளியே போனால் பூங்கா, விளையாட்டுத்திடல், கடைத்தெரு என்று நகரசபை தடைசெய்த இடங்கள் இருக்கும். ஆம்ஸ்டர்டாமில்கூட சிவப்பு விளக்குப் பகுதித் தெருக்களில் 2023 மே 25இலிருந்து புகைத்தால் 100 யூரோ தண்டம். மிச்சம் உன் வீட்டு பல்கனிதான். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார், மேல்வீட்டுப் பிள்ளைகளின் யன்னல் எங்கே இருக்கிறது என்றும் பார்.

அளவைப் பற்றி. இங்கத்தைய கஞ்சாவில் டிஎச்சி 15 சதவீதம் என்பது சாதாரணம், 20ஐத் தாண்டியதும் இருக்கும். முதல்தரம் எடுக்கிறவனுக்கு விற்பனையாளரிடம் வெளிப்படையாகக் குறைந்த இலக்கம் கேட்கச் சொல். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், மயங்கி விழுகிற ஆளைத் தூக்குவதைவிட அது அவர்களுக்குச் சுகம். இரண்டு இழுவை, பிறகு கால்மணி நேரம் பொறுமை. கஞ்சா போட்ட கேக் வேறு ஆபத்து: வயிற்றில் போனது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை எடுக்கும். ஒன்றும் ஏறவில்லையே என்று இன்னொரு துண்டு சாப்பிடுகிறவன்தான் இரவு முழுக்க அவதிப்படுகிறான். எத்தனை மில்லிகிராம் என்று எழுதாத கேக்கைத் தொட வேண்டாம். முகம் வெளிறி, வேர்த்து, தலை சுற்றினால் உட்கார வை அல்லது படுக்க வை, இனிப்பான பானம் கொடு, தனியே விடாதே. இது பெரும்பாலும் வெறும் வயிற்றில் எடுத்ததாலோ பியரோடு கலந்ததாலோ வருவது. ஆள் மயங்கி எழும்பாவிட்டால், நெஞ்சு நோ என்று சொன்னால், 112க்கு அடி; என்ன எடுத்தது என்று மறைக்காமல் சொல்.

அன்றைக்கு யாரும் கார் ஓட வேண்டாம், அடுத்த நாள் காலையிலும் வேண்டாம். 2017 ஜூலையிலிருந்து பொலிஸ் தெருவிலேயே உமிழ்நீர் சோதனை செய்கிறது. இரத்தத்தில் லீற்றருக்கு 3 மைக்ரோகிராம் டிஎச்சி தான் எல்லை, மதுவோடு சேர்ந்தால் அது 1. எனக்குத் தெளிவாய்த்தானே இருக்கிறது என்பது அங்கே எடுபடாது. நிதானமில்லாமல் சைக்கிள் ஓடுவதும் குற்றம்தான். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வாருங்கள்.

கடைசியாகத் திரும்பிப் போகிற பயணம். யூரோஸ்டாரில் போகிறார்கள் என்றால் பிரித்தானிய எல்லைச் சோதனை ஆம்ஸ்டர்டாம் நிலையத்திலேயே நடக்கும். ஏறுவதற்கு முன்னமே பிடிபடுவார்கள். பிரித்தானியாவில் கஞ்சா பி வகுப்புப் போதைப்பொருள், கொண்டுபோவது கடத்தல். கடையின் பொதியும் பற்றுச்சீட்டும் ஒரு பாதுகாப்பும் தராது, எங்கே வாங்கியது என்பதற்குச் சாட்சியாகத்தான் உதவும். ஜேர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வைத்திருக்கலாம் என்று மூத்தவன் சொல்வான். வைத்திருக்கலாம், எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. நீயும் ஆடியில் நல்லூருக்குப் போகிறவள், போகிற வழி சட்டம் கடுமையான வளைகுடா. ஆகவே அவர்கள் உன்னிடம் இரவல் வாங்கிய ஜக்கெட், முதுகுப்பை எல்லாவற்றின் பொக்கற்றையும் வெளிப்புறமாகத் திருப்பி உதறிக் கழுவு. அரைக்கிற கிரைண்டரை அவர்கள் ஏறுவதற்கு முதல் நாளே குப்பையில் போடச் சொல், அதில் ஒட்டியிருக்கிற தூளே போதும்.

சின்னவனுக்கு இரால் ஒத்துக்கொள்ளாது, சமைக்கும்போது நினைவில் வைத்திரு.

அம்மா