தரையில் மேயும் மீனுக்கு எந்தத் தரை?

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாண நகரிலுள்ள வளர்ப்பு மீன் கடைகளில் பிள்ளைகளும் பெற்றோருமாகக் கூட்டம் சேர்ந்துவிடுகின்றது. தொட்டியையும் காற்றுப் பம்பியையும் பலமுறை விசாரித்து வாங்குகின்ற நாம், அடியில் பரப்பும் கல்லை மட்டும் நிறத்தைப் பார்த்தே தெரிவுசெய்கின்றோம். அந்தத் தவறைச் செய்தவன் என்ற முறையிலேயே இதனை எழுதுகின்றேன்.

சென்ற ஆண்டு பேரனுக்காக ஆறு கொரிடோராஸ் மீன்கள் வாங்கினேன். இவை தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய, விரல் நீளம் வராத, மீசையுள்ள சிறு மீன்கள். தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் என்று சொன்ன கடைக்காரர், நீலமும் சிவப்புமாகச் சாயமிட்ட உடைகல்லையும் இரண்டு பை கட்டித் தந்தார். மூன்றாம் மாதமளவில் மீன்களின் மீசைகள் கட்டையாகி, வாயோரம் சிவந்திருப்பதைப் பேரன்தான் முதலில் கண்டான். ஒன்றுக்கு மீசை இருந்த இடத்தில் வெறும் முடிச்சே மிஞ்சியிருந்தது. இரண்டு மீன்கள் இறந்தன.

இம்மீன்கள் தீனியைத் தேடுவது பெரும்பாலும் சுவையுணரும் மீசையால்தான். மூக்கு மறையத் தரையைக் கிளறி, வாய்நிறைய மணலை அள்ளி, உண்ணத்தக்கதை உள்ளே நிறுத்திக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாக, அதாவது சந்தையில் நாம் ‘பூ’ என்று சொல்லும் உறுப்பின் வழியாக, வெளியே விடுகின்றன. கூரிய உடைகல்லில் இது எவ்விதம் இயலும்? எங்கள் நாட்டு ஓடைகளில் வாழும் அயிரையும் மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும் இனமே.

எனினும் பழியைக் கல்லின் கூர்மையில் மட்டும் போடுவது நேர்மையாகாது. கல்லை நான் அள்ளியபோது அதன் இடுக்குகளில் மீன் எட்டமுடியாத தீனி அழுகி, ஓர் அங்குலச் சேறாகக் கிடந்தது. காயம்பட்ட மீசையை அரித்துத் தீர்த்தவை அந்த அழுக்கில் பெருகிய பற்றீரியாக்களே என்பது என் கணிப்பு. ஆகவே வழுவழுப்பான கூழாங்கல்லும் பெரிதாக இருந்தால் முழுப் பாதுகாப்பன்று; மணலையும் துப்புரவாக வைத்திராவிட்டால் அதே கதைதான்.

இன்னொரு தவறு எங்கள் ஊருக்கே உரியது. கரையொதுங்கிய முருகைக்கல் துண்டுகளையும் சோகிகளையும் அழகுக்காகத் தொட்டியில் இடுவோர் பலர். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே எங்கள் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு வன்மையானது என்பதைக் காட்டும். முருகைக்கல் அவ்வன்மையை மேலும் கூட்டி, காரத்தன்மையையும் உயர்த்தும். அக்காரத்தன்மையைக் குறிக்கும் பீ.எச். அளவு 7இலிருந்து 8ஆக உயரும்போது, கழிவிலிருந்து வரும் அமோனியாவில் நச்சாக அமையும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகின்றது. கல்லின்மீது சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது தொட்டிக்கு வேண்டாம்.

நான் இப்போது பயன்படுத்துவது கட்டடப் பொருட்கடையில் வாங்கிய சாதாரண ஆற்று மணல். வழுக்கையாறு ஒன்றைத் தவிர ஆறில்லாத ஊரில் ஆற்று மணல் வாங்குவது வேடிக்கைதான். மா அரிக்கும் பழைய அரிதட்டால் பருமனானவற்றை நீக்கி, உள்ளங்கையில் உரசிக் குத்தவில்லை என்று கண்டபின், வாளியில் இட்டுத் தண்ணீர் தெளியும்வரை கழுவினேன். பதினோராவது வாளியில்தான் தெளிந்தது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட தொட்டிக்கு ஏறத்தாழ 7 கிலோ மணல் போதும். அது ஓர் அங்குலம் வரை நிற்கும். அதற்குமேல் கனமாகப் பரப்பினால் காற்றுப் புகாத அடிப்பகுதி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வரக்கூடும். கல்லுக்கு அடியில் வைக்கும் தட்டு வடிகட்டி மணலோடு ஒத்துவராது, அடைத்துவிடும். மிஞ்சிய நான்கு மீன்களில் மூன்றுக்கு மீசை மீண்டும் வளர்ந்து வருகின்றது.

வடமராட்சி கிழக்கு மணற்குன்றுகளில் இலவசமாக அள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். அங்கு நடக்கும் மணற்கொள்ளை பற்றித் தங்கள் பத்திரிகை எழுதாத மாதம் குறைவு என்பதால், அதற்கு நான் விடை எழுதவேண்டியதில்லை.

கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. கல்லை நிறுக்குமுன் எந்த மீனுக்கு என்று கேளுங்கள். வண்ணக் கற்களின் அருகே கழுவிய மணலையும் ஒரு பையில் வையுங்கள். வளர்ப்பு மீன் துறையில் பயிற்சியளிக்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, கடைகளில் தொங்கவிடத்தக்க ஒரு பக்க அறிவுறுத்தலைத் தமிழில் அச்சிட்டு வழங்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.