தொட்டில் பெட்டியில் தமிழிலும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாயின் கட்டிலை ஒட்டிப் போடுகிற குழந்தைத் தொட்டில்கள் இப்போது எங்கள் நெல்லைக் கடைகளுக்கும் வந்துவிட்டன. ஒரு பக்கத் தடுப்பை இறக்கி, பெரிய கட்டிலோடு வாரால் இறுக்கிக் கட்டிவிடலாம். தடுப்பை ஏற்றினால் அதுவே தனித் தொட்டில். சிலவற்றை ஆட்டுத் தொட்டிலாகவும் மாற்றலாம், பிள்ளை வளர்ந்த பிறகு சின்னக் கட்டிலாகவும் வைத்துக்கொள்ளலாம். நல்ல பொருள், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் எந்த வயதில் எதை மாற்ற வேண்டும் என்கிற முக்கியமான குறிப்பு, அதை வாங்குகிற பெரும்பாலானவர்களுக்குப் புரிகிற மொழியில் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் மகளுக்குத் தலைப்பிரசவம் சிசேரியனாக ஆனது. அவளுக்குத் தொட்டில் வாங்கப் போனபோது பார்த்ததையும் வார்டில் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வயிற்றில் தையல் போட்ட பெண் இரவில் படும் பாடு அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். குனிந்து தரையிலிருந்து பிள்ளையைத் தூக்க முடியாது. படுக்கையிலிருந்து எழுந்து உட்காரவே ஒருக்களித்து, கையை ஊன்றி, மெதுவாகத்தான் வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலுக்கு அழுகிற பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருந்தால் அது அவளுக்குப் பெரிய உதவி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையும், குறைந்தது முதல் 6 மாதங்களுக்குக் குழந்தை பெற்றோர் இருக்கும் அறையிலேயே, ஆனால் தனக்கென்று உள்ள தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்கிறது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், படுக்கை சமதளமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

என் சம்பந்தியம்மா கேட்டார்: "நாம எல்லாம் பிள்ளையப் பக்கத்துல போட்டுத்தான வளத்தோம் மதினி, இதுக்குப் போய் எதுக்கு இம்புட்டு ரூவா?" நியாயமான கேள்வி. நாம் பிள்ளை வளர்த்தது தரையில் பாய் விரித்து. கீழே விழ உயரம் கிடையாது, முகம் புதைய மெத்தையும் கிடையாது. இன்று அதே பிள்ளையைப் போடுவது எட்டு இஞ்ச் ஃபோம் மெத்தையில், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில், நாலைந்து தலையணைகளோடு. பிறந்த குழந்தைக்குத் தலையைத் திருப்பிக்கொள்ளக் கழுத்தில் போதிய பலம் இருக்காது. மூக்கு மெத்தையில் பதிந்தால் அதுவாக விலக்கிக்கொள்ளாது. தூக்கம் கெட்டு, மாத்திரை மயக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கு அது தெரியவும் தெரியாது. இதைச் சொன்னதும் அவரே கடைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கடைக்குப் போகும் முன் வீட்டுக் கட்டிலை அளக்க வேண்டும். தரையிலிருந்து மெத்தையின் மேல்மட்டம் வரை, ஆள் படுத்தால் எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் சேர்த்து. தொட்டிலின் இறக்கிய தடுப்பு விளிம்பும் பெரியவர் மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், குழந்தையின் மெத்தை அதற்குச் சற்றுக் கீழே. பெரிய மெத்தை மேலே தூக்கி நின்றால் போர்வையும் தலையணையும் பிள்ளை மேல் சரியும். கீழே இறங்கியிருந்தால் தடுப்பின் விளிம்பு மேட்டில் பிள்ளையின் கழுத்து மாட்ட வழி உண்டு. அதனால் உயரத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் வசதி உள்ள தொட்டிலாகப் பார்ப்பது நல்லது.

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தொட்டில் வாங்குவது அநேகமாகத் தாய்வீடு. பிள்ளை மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கே இருந்துவிட்டு, அப்புறம் தகப்பன் வீட்டுக்குப் போகும். ஆக, ஒரு தொட்டில், இரண்டு வீடு, இரண்டு கட்டில். எங்கள் வீட்டில் இருப்பது பழைய தேக்குக் கட்டில், கீழே காலி இடம் உண்டு, தொட்டிலின் கால் உள்ளே நுழையும், வாரைச் சுற்றிக் கட்டச் சட்டமும் இருக்கிறது. மருமகன் கோயம்புத்தூரில் இருக்கும் அடுக்குமாடி வீட்டில், அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில். நாலு பக்கமும் தரை வரை பலகை. தொட்டிலின் கால் அதற்குள் போகாது. கால் போகாவிட்டால் தொட்டில் கட்டிலை ஒட்டி நிற்காது, இடைவெளி விழும். நல்ல வேளையாக மருமகன் அங்கிருந்து டேப்பில் அளந்து படம் எடுத்து அனுப்பினார். அங்கே அதைத் தனித் தொட்டிலாகத்தான் போட முடியும் என்பது தெரிந்தே வாங்கினோம். பிள்ளை அங்கே போகும் வயதுக்கு அதுதான் சரியும்கூட. பலரும் இங்கே உள்ள கட்டிலை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, அங்கே போய்ப் பொருந்தவில்லை என்று நடுவில் தலையணையைச் செருகுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது.

எனக்கு மிகவும் கவலையான இடம் அந்த இடைவெளிதான். தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் சந்தே இருக்கக் கூடாது. கடையில் ஒட்டியபடி நிற்கும் தொட்டில், தாய் கையூன்றி எழும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், வாரும் தளரும். தினமும் படுக்கப் போகும் முன் வீட்டில் யாராவது ஒருவர் தொட்டிலைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் வாரை மறுபடி இறுக்க வேண்டும். துண்டைச் சுருட்டி அடைத்தால் அந்தத் துண்டே பிள்ளையின் மூக்குக்கு வந்துவிடும். சக்கரம் உள்ள தொட்டிலாக இருந்தால் சக்கரப் பூட்டு பிடிக்கிறதா என்று கடையிலேயே தள்ளிப் பாருங்கள். தொட்டிலின் சொந்த மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினால் உடனே நிமிர வேண்டும், கை பதிந்த பள்ளம் அப்படியே நின்றால் வேண்டாம். பக்கங்கள் காற்றுப் போகும் வலைத்துணியாக இருந்தால் நம் ஊர் வெக்கைக்கு நல்லது.

ஒன்றைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. தொட்டிலை ஒரு பக்கம் கட்டிவிட்டால் தாய்க்கு அந்தப் பக்கம் இறங்கும் வழி அடைபடும். மறுபக்கம் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தால், தையலோடு இருக்கும் பெண் கால்மாட்டு வழியாக நகர்ந்து நகர்ந்துதான் இறங்க வேண்டும். கட்டிலைச் சுவரை விட்டு இரண்டு அடியாவது தள்ளிப் போட்டு வையுங்கள்.

இனி கடையில் நடந்தது. அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் குழந்தையின் தலைக்குத் தலையணை, இரண்டு பக்கமும் உருளைத் தலையணை, மேலே மெத்தென்ற போர்வை, காலடியில் கரடி பொம்மை. இந்த எல்லாமே முதல் வருடம் தொட்டிலுக்குள் இருக்கக் கூடாதவை. தொட்டிலோடு சேர்த்து அதே சாமான்களை ஒரு செட்டாகவும் விற்கிறார்கள். தலை உருண்டையாக வரும் என்று கடுகுத் தலையணையும் வைத்திருந்தார்கள். மல்லாக்கப் படுக்கும் பிள்ளைக்குத் தலையணையே தேவையில்லை. தலையின் பின்பக்கம் தட்டையாகாமல் இருக்க, பிள்ளை விழித்திருக்கும் நேரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சற்றுக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினால் போதும். எங்களுக்கு அந்த செட்டில் உபயோகமான பொருள் கொசுவலை மட்டும். அதுவும் விறைப்பாக நிற்க வேண்டும், தொய்ந்து முகத்தில் விழக் கூடாது.

விற்பனைக்கு நின்ற பையனிடம் கேட்டேன்: "தம்பி, இதக் கட்டிலோட சேத்து எத்தன மாசம் வரைக்கும் போடலாம்?" "ரெண்டு வயசு வரைக்கும் வரும்மா, கவலையே படாதீங்க" என்றான். பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் கையேட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பொடி எழுத்தில், குழந்தை கையூன்றி எழும்பவோ உட்காரவோ தொடங்கியதும் கட்டிலோடு சேர்த்துப் போடுவதை நிறுத்தவும் என்று இருந்தது. அது பல பிள்ளைகளுக்கு ஐந்தாம் ஆறாம் மாதமே வந்துவிடும். இரண்டு வயது என்பது தடுப்பை ஏற்றி, மெத்தையைத் தாழ இறக்கிய பிறகு உள்ள கணக்கு. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவன் சொன்னதை நம்பி வீட்டுக்குப் போகிற தாயின் நிலைமை என்ன? தாழ்ந்த தடுப்பைத் தாண்டி ஏழு மாதப் பிள்ளை பெரிய கட்டிலுக்குத் தவழ்ந்து வந்து, அங்கிருந்து தரையில் விழும்.

ஆட்டும் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டித் தூங்க வைக்கலாம், தூங்கிய பிறகு சமமாக நிறுத்திப் பூட்ட வேண்டும். சரிவில் படுக்கும் பச்சைப் பிள்ளையின் தாடை நெஞ்சில் மடங்கி மூச்சுவழி குறுகும். 2019இல் அமெரிக்காவில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் தன் சாய்வுப் படுக்கைகள் சுமார் 47 லட்சத்தைத் திரும்பப் பெற்றது, குழந்தைகள் இறந்த பிறகு. 2022இல் அங்கே 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலின் உட்பக்கம் சுற்றிக் கட்டும் மெத்தைகளையும் விற்கத் தடைச் சட்டமே வந்தது. பக்கத் தடுப்பு தண்டவாளத்தில் ஏறி இறங்கும் பழைய மாதிரி மரத் தொட்டில்களுக்கு 2011 ஜூனிலிருந்தே அங்கே தடை. வெளிநாட்டு உறவினர் வீட்டில் உபயோகித்த தொட்டில் என்று ஆசையாகக் கொண்டுவருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் சேலைத் தூளியும் எனக்குப் பிடித்ததுதான், என் பிள்ளைகள் அதில் கிடந்தவர்கள்தான். ஆனாலும் முதல் மாதங்களில் தாடை மடங்காமல் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இரவு முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

சரி, அரசு என்ன செய்யலாம்? பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, பெட்டியின் மேல் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்கள் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடை இல்லை, கட்டாயமும் இல்லை. அதனால் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியாக உபயோகிக்கும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவில் தராமல் அதனால் தீங்கு வந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்று சொல்கிறது. தாய்க்குப் படிக்கத் தெரியாத மொழியில் தந்த எச்சரிக்கை போதிய எச்சரிக்கை ஆகுமா?

பிரசவ வார்டில் இருந்தவள் என்பதால் இன்னொரு சட்டமும் எனக்குப் பழக்கம். 1992ஆம் ஆண்டின் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம் வந்த பிறகு, பால் பவுடர் டப்பாவில் தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு கட்டாயம், கொழுகொழு குழந்தைப் படம் போடவும் கூடாது. படத்தைப் பார்த்துத் தாய்மார் மயங்குவார்கள் என்று தெரிந்துதான் அப்படி எழுதினார்கள். அதே அக்கறையைத் தொட்டில் பெட்டிக்கும் காட்டலாமே. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் பார்த்த தொட்டில் எதிலும் அந்த முத்திரை இல்லை. பிள்ளை சற்று நேரம் விளையாடும் கிலுகிலுப்பைக்கு உள்ள சோதனை, நாள் முழுக்கத் தூங்கும் தொட்டிலுக்கு வேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் புரியும்படி ஒரு பக்கம் தமிழ்க் குறிப்பு, கோட்டோவியத்தோடு. கட்டிலோடு எப்படிப் பொருத்துவது, எப்போது தடுப்பை ஏற்றுவது, எவ்வளவு எடை வரை தாங்கும், உள்ளே எதை வைக்கக் கூடாது என்கிற நாலும் இருந்தால் போதும். உயரத்தைப் பொருத்திப் பார்க்கக் கடையில் ஒரு கட்டில் போட்டு வைக்கலாம். விற்பனைப் பிள்ளைகளுக்கு அரை நாள் சொல்லிக்கொடுக்கலாம். வாங்கிய பொருளில் குறை இருந்து கடை கண்டுகொள்ளாவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ளட்டும். மருத்துவமனைகளில் வீட்டுக்கு அனுப்பும் நாளில் தடுப்பூசி அட்டையைக் கொடுத்து விளக்கும் என் சகோதரிகள், பிள்ளை எங்கே எப்படித் தூங்கப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அதைக் கேட்க ஒரு நிமிடம் ஆகும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மகளிர் பக்கத்தில் குழந்தை வளர்ப்புக் கட்டுரை போடும்போது, தூங்கும் குழந்தையின் படம் தலையணையும் போர்வையும் இல்லாத படமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர்கள் கட்டுரைக்கு முன்னால் படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.