பல்பு மேல் தப்பில்லை, சுந்தரம்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்துகிற நேரத்தில் தாய்மாமன் காபி குடிக்கப் போய்விட்டதையும், ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததையும் சரோஜாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள். அவளுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இடது கண்ணைத் தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் முழங்கால் பற்றிக் கேட்டிருந்தாய். அது அப்படியேதான் இருக்கிறது, விடு.

உன் மாருதி ஜென் கார் விஷயத்துக்கு வருகிறேன். உள்கூரையில் இருக்கிற டாப் லைட் எரியவில்லை, ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தயவு செய்து இப்போதைக்கு அவரை வண்டியில் கை வைக்க விடாதே. இதே கூத்து போன மழைக்காலத்தில் என் மாருதி 800-இல் நடந்தது. நான் பண்ணிய அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன், உனக்காவது மிச்சமாகட்டும்.

கதவைத் திறந்தால் விளக்கு வரவில்லை. பல்பு போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்குப் போய் புதுசு வாங்கி வந்து போட்டேன். எரியவில்லை. பல்பே டுப்ளிகேட் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் எரியவில்லை. மூன்றாவதுக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பையன் வண்டிக்குள் ஏறி விளையாடியவன், விளக்கின் சுவிட்சை ஒரு தள்ளு தள்ளினான். பளிச்சென்று எரிந்தது! எட்டாவது படிக்கிறான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அந்த சுவிட்சுக்கு மூன்று நிலை இல்லையா, ஆஃப், ஆன், நடுவில் கதவு, அதாவது கதவைத் திறந்தால் மட்டும் எரிவது. முதலில் ஆனில் தள்ளிப் பார். எரிந்தால் பல்பு, பியூஸ், மேலே போகிற வயர் எல்லாம் சரி. கோளாறு பெரும்பாலும் கதவு சுவிட்சில்தான். பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாகக் கரண்ட் எப்போதும் பல்புவரை வந்து நின்றுகொண்டேதான் இருக்கிறது. அது திரும்பிப் போகிற வழியைத்தான் கதவு சுவிட்ச் திறந்து மூடுகிறது. கதவைத் திறந்ததும் அதன் மூக்கு வெளியே வரும், வயருக்கு வண்டியின் பாடியோடு தொடர்பு கிடைக்கும், விளக்கு எரியும். அதாவது எர்த் கொடுப்பது வண்டியின் தகரமே. சுவிட்சைப் பிடித்திருக்கிற ஒற்றை ஸ்க்ரூவுக்கு அடியில் துரு ஏறினால் கதை முடிந்தது. என் வண்டி ராத்திரி பகல் ஏரிக்கரைப் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது. துரு ஏறாமல் என்ன செய்யும்?

கதவுத் தூணில் கறுப்பு ரப்பர் குல்லாய் போட்டுக்கொண்டு இருப்பதுதான் அந்த சுவிட்ச். ஸ்க்ரூவைக் கழற்றி மெதுவாக வெளியே இழு. பின்னால் ஒரே ஒரு வயர் இருக்கும். அதைப் பிடுங்கி, விளக்கை நடுநிலையில் வைத்து, வயரின் முனையைப் பெயின்ட் இல்லாத தகரத்தில் தொட்டுப் பார். எரிந்தால் சுவிட்சுக்கும் ஸ்க்ரூவுக்கும் உப்புத்தாள் வைத்தியம் போதும். அதிலும் கேட்காவிட்டால் புது சுவிட்ச்.

ஒன்று மட்டும், வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் அதில் ஒரு நூலைக் கட்டி நூலின் மறுமுனையை ஸ்டியரிங்கில் சுற்றிவிடு. நான் கட்டவில்லை. போன் அடித்தது, கையை விட்டேன், வயர் பாம்பு மாதிரி தூணுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்துக் கொக்கி செய்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துழாவித் துழாவி எடுத்தேன். முக்கால் மணி நேரம். சரோஜா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, மீன் மாட்டிச்சா என்று கேட்டாள்.

ஆனில் தள்ளியும் எரியாவிட்டால்தான் பல்பைப் பார்க்க வேண்டும். கவரை நெம்பும்போது அவசரம் கூடாது. இத்தனை வருஷ வெயிலில் அந்த பிளாஸ்டிக் பொரித்த அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். சன்னமான திருப்புளி நுனியில் துணியைச் சுற்றி, விளிம்பில் இருக்கிற சின்னப் பள்ளத்தில் வைத்து நெம்பு. துணி இன்னொன்றுக்கும் உதவும். உள்ளே ஒரு பித்தளைப் பட்டையில் எப்போதும் கரண்ட் இருக்கிறது, திருப்புளி அதையும் கூரைத் தகரத்தையும் சேர்த்துத் தொட்டால் பியூஸ் போகும். பல வண்டிகளில் ரேடியோவும் கடிகாரமும் அதே பியூஸில்தான்.

பல்பு இரண்டு பக்கமும் கூம்புத் தொப்பி வைத்த சின்னக் குழாய். கண்ணாடியைப் பிடித்துத் திருகாதே, தொப்பியோடு பிரிந்து வந்துவிடும். தொப்பியைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினால் தானே வரும். நீளம் 31, 36, 41 மில்லிமீட்டர் என்று பல அளவு உண்டு, கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. வாட்டையும் பார்த்து வாங்கு. முன்பு ஒரு தடவை 5 வாட் கேட்டேன், கடைப் பையன் 10 வாட்டைக் கொடுத்துவிட்டான், நானும் கவனிக்கவில்லை. நன்றாகத்தான் எரிந்தது. ஆறு மாதத்தில் கவரின் நடுவில் தோசை தீய்ந்த மாதிரி ஒரு வட்டம். புதுப் பல்பு ஆடினால் இரண்டு பித்தளைப் பட்டையையும் உள்பக்கமாக லேசாக வளைத்துவிடு, அவ்வளவுதான்.

எல்இடி போடலாமா என்று கேட்டிருந்தாய். என் தம்பி மகன் வந்திருந்தபோது ஒன்று போட்டுவிட்டுப் போனான். வண்டி ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. அதைவிட, ராத்திரி கதவைப் பூட்டிய பிறகும் மின்மினி போல மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சில் ஈரம், அது வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் கசிகிறது. பழைய பல்புக்கு அந்தக் கசிவு எந்த மூலைக்கு, எல்இடிக்கு அதுவே போதும். கழற்றி வைத்துவிட்டேன், மஞ்சள் வெளிச்சமே நமக்குச் சரி. நீ போடுவதானால் போடு, சூடு குறைவு, கவர் பிழைக்கும். எரியவில்லையென்றால் திருப்பிப் போட்டுப் பார், அதற்கு ப்ளஸ் மைனஸ் உண்டு.

மீட்டருக்குள் எல்இடி போடுவதில் மட்டும் ஜாக்கிரதை. சாவி போட்டதும் எரிகிற சிவப்பு பாட்டரி விளக்கு இருக்கிறதே, அதைத் தொடாதே. நம் வயசு வண்டிகளில் பெரும்பாலும் அந்தப் பல்பு வழியாகப் போகிற சின்னக் கரண்ட்தான் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. அங்கே எல்இடி போட்டால் அது எழுந்திருக்காமல் போகலாம், பாட்டரி சார்ஜ் ஏறாது. காரணம் புரியாமல் புதுப் பாட்டரி வாங்கித் தொலைப்பாய்.

ராத்திரி முழுக்க லைட் எரிந்தால் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது என்று தங்கச்சி பயப்படுகிறாளாமே. 5 வாட் என்றால் 0.4 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-அவர். என் பாட்டரி 35 ஆம்பியர்-அவர், நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். உன்னுடையது நாலு வருஷப் பழசு என்றாயே, அப்படியானால் அவள் பயம் நியாயம்தான்.

2024-இல் மூன்றாம் தடவையாக ஆர்.சி. புதுப்பித்தேன், பசுமை வரியும் கட்டினேன். 1999 மாடலுக்கு இத்தனை செலவா என்று மகன் போனில் கத்தினான். ஆனால் கண் ஆபரேஷன் ஆன அன்று இரவு திரும்பும்போது கதவைத் திறந்ததும் மேலே விளக்கு எரிந்தது, சரோஜா சீட் பெல்ட்டைத் தானே தேடி மாட்டிக்கொண்டாள்.

தையில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பஸ்ஸிலேயே வா, ஓசூர் ரோட்டு நெரிசலில் அந்த ஜென்னை வதைக்காதே. எடுத்த பல்பைத் தூக்கிப் போடாமல் சட்டைப்பையில் கொண்டுவா. டவுன்ஹாலில் இறங்கி ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறலாம், என் முழங்கால் அதுவரைக்கும் ஒத்துழைக்கும்.

உன்,
ராமமூர்த்தி