வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு மாதாந்தரக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மாணவர் பேச்சுப் போட்டி ஆகஸ்டில் நடந்தது. பொங்கல் விழா வழக்கம்போல் நடைபெற்றது. நூலக அலமாரிகளுக்குக் கரையான் மருந்து அடிக்கப்பட்டது.

அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு கூட்டங்களில் நடந்த கட்டவிழ்ப்பு வாசிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நூலோ கருத்தோ எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வாசிப்பு முறை அது; ஆங்கிலத்தில் deconstruction என்பார்கள். அதை முன்மொழிந்தவன் நான். 'இருக்கிற எல்லாவற்றையும் இடித்துத் தள்ளச் சொல்லும் தத்துவம் நமக்கு எதற்கு?' என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. இம்முறையை முன்வைத்த பிரெஞ்சுத் தத்துவஞானி ழாக் தெரிதா மறைந்து 2024 அக்டோபரோடு 20 ஆண்டுகள் ஆகின்றன என்பதை மட்டுமே அன்று காரணமாகச் சொன்னேன். முழுப் பதிலை இன்று தருகிறேன்.

தமிழில் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு என்ற இரு சொற்களும் வழங்குகின்றன. எதை ஏற்பது என்பதற்காகவே முதல் கூட்டத்தை ஒதுக்கினோம். 1983இல் ஜப்பானிய அறிஞர் தொஷிஹிகோ இசுட்சுவுக்குத் தெரிதா எழுதிய கடிதத்தை வாசித்தோம். ஜெர்மன் தத்துவஞானி ஹைடெக்கரின் சொற்களைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவர முயன்றபோது, நேர்ச்சொல் வெறும் அழிப்பாக ஒலித்ததால் அதை அவர் விலக்கியிருக்கிறார். பிறகு லித்ரே என்ற பிரெஞ்சு அகராதியைப் புரட்டியிருக்கிறார். வேறிடத்துக்குக் கொண்டுபோவதற்காக ஓர் இயந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றுதல் என்பது அங்கே அவர் கண்ட ஒரு பொருள். செய்யுளின் யாப்பை நீக்கி உரைநடைபோல் ஆக்குதல் என்பது இன்னொன்று. பாட்டைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமான வேலையா? பதம் பிரிப்பவர் பாட்டை இடிப்பதில்லை. எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டுகிறார். ஆகவே கட்டவிழ்ப்பு என்றே தீர்மானித்தோம். தொலைபேசியில் மறுப்புத் தெரிவித்த நான்கு பேரும் அன்று வந்திருந்தால் அவர்கள் வாதத்தையும் பதிவு செய்திருப்பேன். அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் கூட்டத்தில் பிளேட்டோ. 'பைத்ரஸ்' உரையாடலில் எழுத்தை 'பார்மகோன்' என்கிறார்கள். கிரேக்கத்தில் அது மருந்துக்கும் பெயர், நஞ்சுக்கும் பெயர். மொழிபெயர்ப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தவுடன் மற்றது மறைந்துபோகிறது என்பதைத் தெரிதா 1968இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். இதை விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற தபால்காரரான நம் மூத்த உறுப்பினர் எழுந்து, 'எங்கள் ஊரில் ஒருவன் மருந்து குடித்துவிட்டான் என்றால் யாரும் பிழைத்தான் என்று நினைப்பதில்லை' என்றார். மண்டபம் கொஞ்ச நேரம் பேச்சற்று இருந்தது. இந்த ஒரு கூட்டத்துக்காகவே ஆறு மாத உழைப்பும் தகும் என்பது என் கருத்து.

மூன்றாம் கூட்டத்தில் 1967இல் வெளிவந்த தெரிதாவின் மூன்று நூல்களின் அறிமுகம். நான்காம் கூட்டம், கட்டவிழ்ப்பை இலக்கிய விமர்சனத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக விமர்சகர்களைப் பற்றியது. அவர்களில் ஒருவரான பால் டி மான், நாஜிகள் பிடித்திருந்த பெல்ஜியத்தில் இளைஞராக எழுதிய கட்டுரைகள், யூத வெறுப்புக் கட்டுரை ஒன்று உட்பட, அவர் இறந்தபின் 1987இல் வெளிச்சத்துக்கு வந்தன. யூதச் சிறுவன் என்பதற்காகவே அல்ஜீரியாவில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட தெரிதா, அந்த நண்பருக்காக நீண்ட கட்டுரை எழுதினார். அது சரியா என்ற கேள்வியில் எங்களால் ஒத்துப்போக முடியவில்லை. அன்று ஒன்பது பேர் வந்திருந்தோம்.

கடைசி இரண்டு கூட்டங்கள், கட்டவிழ்ப்பின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கட்டடக்கலைக்கு. 1988இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிலிப் ஜான்சனும் மார்க் விக்லியும் அத்தகைய ஏழு கட்டடக் கலைஞர் தரப்பினரின் வடிவமைப்புகளைக் காட்சிக்கு வைத்தார்கள். இவை தத்துவத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று விக்லியே எழுதியிருக்கிறார். கோணலாக இருப்பதெல்லாம் தெரிதா என்று நினைத்திருந்த எனக்கு அது தேவையான திருத்தம். அந்த ஏழு தரப்பினரில் ஒருவரான பீட்டர் ஐசன்மன் அமெரிக்காவின் ஒஹாயோவில் வடிவமைத்து 1989இல் திறக்கப்பட்ட வெக்ஸ்னர் கலை மையத்தின் படத்தைக் காட்டினேன். அங்கே ஒரு தூண் கூரையிலிருந்து இறங்கித் தரையைத் தொடாமல் நிற்கிறது. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர், 'அது எதைத் தாங்குகிறது?' என்றார். எதையும் தாங்கவில்லை. 'தூண் என்றால் தாங்க வேண்டும்' என்று நம்மைச் சொல்ல வைக்கிறது. சொன்னபிறகுதான் அப்படி ஒரு நம்பிக்கை நமக்குள் இருந்தது தெரிகிறது. அவர் இன்றுவரை உடன்படவில்லை. ஆனாலும் இரண்டு கூட்டங்களுக்கும் வந்தார். அவருக்கு என் தனி நன்றி.

வரவுக்குள் செலவு அடங்கியது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஆண்டுச் சந்தா ரூ.300. உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் செலுத்தவில்லை. சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. மூன்று முறை கடிதம் எழுதினேன், வீடு தேடியும் போனேன். இந்த ஆறு கூட்டங்களின் குறிப்புகளையும் கலைச்சொல் பட்டியலையும் சேர்த்து 48 பக்கக் கையேடு டிசம்பரிலிருந்து தொகுத்து வந்தேன். மெய்ப்புத் திருத்தமும் முடிந்துவிட்டது. அச்சுக்கூலிக்குத்தான் பணம் இல்லை.

இடம் தந்த மண்டப நிர்வாகத்தினருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணியினருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் தொடர்வது பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்பொறுப்புக்கு வர இளைஞர் எவரேனும் முன்வந்தால் பதிவேடுகளை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். கையேட்டை அச்சாக்கிக் கொடுத்துவிட்டுப் போகவே விரும்புகிறேன். அச்சகத்தார் இம்மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே அமர்ந்திருப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்