கார் எங்கே தடுமாறும் என்று யார் சொல்லித் தருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மின்சார கார் வாங்குவது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகலாம், பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும், வீட்டில் சார்ஜர் வைக்க என்ன செலவாகும் என்றெல்லாம் விரிவாக இருந்தது. ஓட்டுநருக்கு உதவும் வசதிகளைப் பற்றி மட்டும், நெடுந்தூரம் போனாலும் களைப்பே தெரியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். மின்சார கார் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. மாதத்தில் இரண்டு முறையாவது எம்1 மோட்டர்வேயில் லெஸ்டரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் வருகிறோம். போக வர ஏறக்குறைய நூறு மைல். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல், காரை லேனின் நடுவில் பிடித்து வைக்கும் லேன் அசிஸ்ட் இரண்டையும் தினமும் பயன்படுத்துகிறேன். நல்ல வசதிகள். வெள்ளிக்கிழமை சாயங்கால நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது முன்பு வரும் முழங்கால் வலி இப்போது இல்லை.

ஆனால் போன நவம்பரில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். நார்த்தாம்டனைத் தாண்டி இரண்டாவது லேனில், குரூஸை 70 மைலில் வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் வெகுதூரத்துக்கு எந்த வண்டியும் இல்லை. சாலை லேசாக வலப்பக்கம் வளையும் ஓர் இடம், இடது லேனில் ஒரு லாரி. திடீரென்று கார் பிரேக் போட்டது. சும்மா வேகத்தைக் குறைக்கவில்லை, உண்மையிலேயே அழுத்திப் போட்டது. நான் சுதாரித்து ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்குள் வேகம் 50-க்குக் கீழே போய்விட்டது. பின்சீட்டில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சீட் பெல்ட் இறுகி மூச்சுத் திணறிப்போனார். எங்களுக்குப் பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அழுத்தியபடியே மூன்றாவது லேனுக்கு ஒடித்துத் தப்பித்தார். அந்த லேனில் அப்போது வேறு வண்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கார் வாங்கிய இடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். பிறகு நானாகத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. அது பழுதே இல்லை, இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு. வளைவில் காரின் மூக்கு நேராகப் பார்க்கும் திசையில் பக்கத்து லேன் லாரி வந்துவிடுகிறது. அது நம் பாதையில் இருக்கிறதா, பக்கத்துப் பாதையில் இருக்கிறதா என்பதை மென்பொருள் கண நேரத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பாலத்தின் நிழல், தலைக்கு மேலே நிற்கும் பெரிய பெயர்ப்பலகை இவற்றிலும் இதே தடுமாற்றம் வரும். ஃபேன்டம் பிரேக்கிங் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2022 பிப்ரவரியில் இது குறித்து ஒரு விசாரணை தொடங்கியது. டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களில் சுமார் 4,16,000 அந்த விசாரணைக்குள் வந்தன. அதற்குள் அந்த அமைப்புக்கு வந்திருந்த புகார்கள் 354.

இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிக பயம். வேகமாகப் போகும்போது முன்னால் அசையாமல் நிற்கும் வண்டியைக் குரூஸ் கண்ட்ரோல் கவனிக்காமல் போகலாம் என்று என் காரின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அசையாமல் இருப்பதையெல்லாம் ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பலகைக்கும், பாலத்துக்கும், தடுப்புக்கும் கார் பிரேக் போட வேண்டியிருக்கும். அதனால் முன்னால் இருப்பவற்றின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் ரேடார் தரும் தகவலில் நிற்கும் பொருள்களைப் பெருமளவு வடிகட்டிவிடுகிறார்கள். இந்த வடிகட்டலைக் கூட்டினால் நிஜமான வண்டி தப்பிவிடும், குறைத்தால் நிழலுக்கெல்லாம் பிரேக் விழும்.

நான் போகும் பாதையில் இந்தக் குறை ஏன் முக்கியம் என்றால், எம்1-இல் 13-ஆவது சந்திப்பிலிருந்து 16-ஆவது சந்திப்பு வரை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் ஹார்ட் ஷோல்டர் கிடையாது. அதையும் ஓட்டும் லேனாக மாற்றிவிட்டார்கள். வண்டி பழுதானால் ஆங்காங்கே இருக்கும் ஆரஞ்சு நிற ஒதுக்கிடம் வரை போய்ச் சேர வேண்டும். முடியாதவர்கள் ஓடும் லேனிலேயே நின்றுவிடுகிறார்கள். அப்போது அந்த லேனுக்கு மேலே இருக்கும் மின்பலகையில் சிவப்பு எக்ஸ் குறி போடுவார்கள். அந்த லேனில் யாரும் போகக்கூடாது. மீறினால் 100 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளிகள். என் காருக்கு இந்த எக்ஸ் குறி தெரியாது! கோடு இருக்கிறது, பாதை காலியாக இருக்கிறது, 70-இல் போகலாம் என்று அது போய்க்கொண்டே இருக்கும். லேனில் ஒருவர் பழுதான வண்டியோடு நிற்கிறார், மேலே எச்சரிக்கையும் எரிகிறது, இரண்டையும் கார் தவறவிடக்கூடும். அந்த நேரத்தில் கவனிக்க என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

வேகப் பலகைகளைப் படிப்பதிலும் குழப்பம் இருக்கிறது. சர்வீஸ் நிறுத்தத்துக்குப் பிரிந்து போகும் சாலையில் உள்ள பலகையை மோட்டர்வேயின் வேக எல்லை என்று என் கார் இரண்டு முறை எடுத்துக்கொண்டிருக்கிறது. பலகைக்கு ஏற்பக் குரூஸ் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியை அன்றே அணைத்துவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 7 முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களிலும் வேக எல்லையை நினைவூட்டும் வசதி கட்டாயம். அணைத்து வைத்தாலும் அடுத்த முறை காரைக் கிளப்பும்போது அது மறுபடி விழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் தவறான நேரத்தில் ஓயாமல் மணியடித்தால் சரியான நேரத்தில் அடிக்கும் மணியையும் காது ஒதுக்கிவிடும் என்பதை விதி எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அப்புறம், மின்சார காருக்கே உரிய ஒரு விஷயம். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் பெரும்பாலும் இதை எதிர்பார்ப்பதில்லை. பெட்ரோல் காரில் குரூஸை நிறுத்தினால் கார் கொஞ்ச தூரம் உருண்டு போகும். மின்சார காரில் ஆக்சிலரேட்டர் மேல் கால் இல்லாவிட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டே காரைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். ஒரே பெடலில் ஓட்டும் முறையில் வைத்திருந்தால் அந்த இழுப்பு இன்னும் பலம். நான் குரூஸை ரத்து செய்யும் பொத்தானை அழுத்துகிறேன், கால் தரையில் ஓய்வாக இருக்கிறது, பிரேக்கைத் தொடவே இல்லை, ஆனாலும் பின்னால் வருகிறவருக்கு நான் பிரேக் போட்டதுபோல்தான். ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் பிரேக் விளக்கு எரிய வேண்டும் என்று ஐ.நா. விதி இருப்பதால் விளக்காவது எரியும். இதற்கு வழி எளிது. முதலில் காலை ஆக்சிலரேட்டர் மேல் லேசாக வைத்து அழுத்திக்கொண்டு, அதன் பிறகு பொத்தானைத் தொட வேண்டும். ஷோரூமில் யாரும் சொல்லாததால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. நேர்சாலையில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாலும், லேசாகத் திருப்பாவிட்டால் கையையே எடுத்துவிட்டேன் என்று கார் கத்தும். சாலை வேலை நடக்கும் இடத்தில் சுரண்டி எடுத்த பழைய கோட்டை நம்பித் தடுப்புப் பக்கம் இழுக்கும். டிசம்பரில் மூன்று மணிக்கே தாழ்ந்துவிடும் வெயில் கேமராவுக்குள் அடித்தாலோ, பனி வந்து மூடினாலோ எல்லா உதவியும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும்.

இதையெல்லாம் யார் கற்றுத் தருகிறார்கள்? இங்கே ஓட்டுநர் தேர்வில் மோட்டர்வே இல்லை. 2018 ஜூன் வரை பழகுநர்கள் மோட்டர்வேயில் ஏறவே முடியாது. இப்போது பயிற்றுநரோடு, பயிற்றுநர் பக்கமும் பெடல்கள் இருக்கும் இரட்டைக் கட்டுப்பாட்டுக் காரில் போகலாம், அவ்வளவுதான். ஆனால் வசதிகள் மட்டும் வேகமாக வளர்கின்றன. ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ காரில் கையை எடுத்துவிட்டு ஓட்டும் ப்ளூக்ரூஸ் வசதிக்கு 2023 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. 2,300 மைல் மோட்டர்வேயில் அது வேலை செய்கிறது. கையை எடுக்கலாம், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கக்கூடாது, அதைக் கண்காணிக்கக் காருக்குள் தனிக் கேமராவே இருக்கிறது. பொறுப்பு இன்னும் முழுக்க ஓட்டுகிறவருடையதுதான்.

சாவியைக் கொடுக்கும் நாளில், பாட்டுப் பெட்டியைக் காட்டும் நேரத்தில் பாதியை ஒதுக்கி, மோட்டர்வேயில் அரை மணி நேரம் ஓட்ட வைத்து, இந்த இடத்தில் கார் தவறும், அப்போது இதைச் செய்யுங்கள் என்று விற்கிறவர்கள் காட்ட வேண்டும். அதைக் கேட்டு வாங்க வாசகர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால், அடுத்த முறை மின்சார கார் பற்றி எழுதும்போது இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அக்கா மகன் அடுத்த மாதம் கார் எடுக்கிறான். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவனை எம்1-க்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
மில்டன் கீன்ஸ், இங்கிலாந்து.