திருவிழா கமிட்டிக்காரங்களுக்கு ஒரு மைக் செட்காரனோட திறந்த மடல்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர்னு நம்ம பழனி மலையில எங்கெல்லாம் திருவிழா எடுக்குறீங்களோ அத்தனை கமிட்டி அண்ணன்மாருக்கும் பெரியவங்களுக்கும் வணக்கம்.

நான் மைக் செட் போடுறவன். மேடைக்கு பக்கத்துல மிக்சர் முன்னாடி குல்லா போட்டு உக்காந்திருப்பேன், ஸ்பீக்கர் கீச்சுன்னா மட்டும் எல்லாரும் என்னைய திரும்பிப் பாப்பீங்க, அது கெடக்கட்டும். இப்ப எழுதுறது நம்ம ஊர் காமெடி பசங்களுக்காக.

கீழ இருந்து ஆர்கெஸ்ட்ரா வருது, பாடுற பொண்ணு சேலை மாத்தப் போற அந்த கேப்புல "நம்ம பையன் ஒருத்தன் மிமிக்ரி பண்ணுவான்"னு ஏத்தி விடுறீங்க. மணி பதினொன்ற ஆயிருக்கும், பனி எறங்கி பாதிப் பேரு கம்பளியப் போத்திக்கிட்டு தூங்குறாங்க. அவன் கஷ்டப்பட்டு ரெண்டு சிரிப்பு வாங்கி மூணாவதுக்கு வர்றான், அப்பத்தான் கமிட்டியில ஒருத்தர் வந்து மைக்க வாங்கி அன்னதானத்துக்கு அரிசி மூட்டை குடுத்தவங்க பேரையெல்லாம் படிப்பாரு. முடிச்சுட்டு "நீ பண்ணு தம்பி"ம்பாரு. எங்கிருந்து பண்றது?

போன தடவை ஒரு பையன் சொன்னான் பாருங்க, "2024 மே 7ல இருந்து கீழ இருந்து கொடைக்கானல் வர்றவனுக்கு கோர்ட்டு சொன்னபடி இ-பாஸ் வேணும், இங்கிருந்து வேலைக்கு கீழ போறவனுக்கு ஒரு பாஸும் வேணாம், ஏன்னா அவன் திரும்பி வரமாட்டான்னு கோர்ட்டுக்கே தெரியும்". முன்னாடி உக்காந்திருந்த அப்பத்தா சிரிச்சு சிரிச்சு இருமிருச்சு. எந்த டிவியிலயும் கேட்காத ஜோக்கு அது, இந்த மலையில பொறந்தவனுக்குத்தான் தோணும். ஆனா கமிட்டியில சொன்னது என்ன தெரியுமா, "தம்பி அதெல்லாம் எதுக்கு, ரஜினி வாய்ஸ் பண்ணு".

மிமிக்ரிய நான் குறை சொல்லல. சிவகார்த்திகேயனே விஜய் டிவி கலக்கப் போவது யாருல மிமிக்ரி, ஸ்டாண்ட்-அப்னு பண்ணித்தான் ஜெயிச்சாரு. ஆனா அதோட நிக்கல, அதே சேனல்ல தொகுப்பாளரா வந்து எதிர்ல நிக்கிறவன் என்ன சொல்றான்னு காது குடுத்து கேட்டு அந்த நொடியே பதில் அடிக்கக் கத்துக்கிட்டாரு, 2012ல மெரினா, அடுத்த வருஷமே எதிர்நீச்சல்ல ஹீரோ, 2024ல அமரன்ல மேஜர் முகுந்தா நடிச்சப்ப தியேட்டர்ல அழாதவன் கம்மி. என்னையக் கேட்டா அவரை ஸ்டார் ஆக்குனது அந்த தொகுப்பாளர் வேலைதான். மிமிக்ரிங்கறது வத்தலக்குண்டு வரைக்கும் போற பஸ்சு மாதிரி, மதுரைக்குப் போகணும்னா எறங்கி சொந்தச் சரக்குல வேற வண்டி ஏறணும்.

விவேக்கு சென்னையில தலைமைச் செயலகத்துல வேலை பாத்துக்கிட்டே ஹ்யூமர் கிளப்ல பேசுனாரு, அங்க கிடைச்ச அறிமுகத்துல பாலச்சந்தர் சார்கிட்ட போயி 1987ல மனதில் உறுதி வேண்டும் படத்துல வந்தாரு. நம்ம பசங்களுக்கு அப்படி கிளப்பும் இல்ல, சாயங்காலம் சென்னைக்குப் போயி மைக் புடிச்சுட்டு வர்ற தூரமும் இல்ல. ஆனா மதுரைக்காரர் ரோபோ சங்கருக்கு எது இருந்துச்சு? உங்கள மாதிரி கமிட்டிங்க போட்ட மேடைதான். உடம்பெல்லாம் சில்வர் பெயின்ட் அடிச்சுக்கிட்டு ஊர் ஊரா திருவிழாவுல ரோபோ மாதிரி ஆடித்தான் அந்தப் பேரே வந்துச்சு, அப்புறந்தான் டிவி, அப்புறம் சினிமா. 2025 செப்டம்பர்ல அவர் இறந்து போனப்ப நீங்க எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சீங்க, நானும் பாத்தேன்.

இதுல எனக்கு இன்னொரு கடுப்பும் இருக்கு. நம்ம மலையில இருந்து கிளம்புற கோடை பண்பலை 100.5 மதுரை தேனி திருச்சி வரைக்கும் கேக்குது, நம்ம பையன் குரல் பக்கத்து ஊருக்கே தெரியல.

எட்டு மணிக்கு, ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஜனம் முழிச்சிருக்கப்பவே பத்து நிமிஷம் குடுங்க, நன்கொடை லிஸ்ட்ட அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ படிங்க. டபுள் மீனிங் பேசச் சொல்லி நச்சரிக்காதீங்க, ஊரை, பஸ்ஸை, பூண்டு வெலைய, ஏன் கமிட்டியவே கிண்டல் பண்ணாலும் விட்ருங்க, உங்க மேல ஜோக்கு வந்தா ஊரே இன்னும் சத்தமா சிரிக்கும். அப்புறம் தயவுசெஞ்சு எங்கிட்ட வந்து "எக்கோ கூட்டி வை"ன்னு சொல்லாதீங்க. எக்கோ பாட்டுக்குத்தான், காமெடிக்கு எக்கோ வச்சா முந்தின வார்த்தையோட வாலு வந்து சிரிக்க வைக்கிற பஞ்ச் வரி மேல விழுந்து ஒண்ணும் புரியாது, ஜனம் "என்ன சொன்னான்?"னு பக்கத்துல கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் அடுத்ததுக்குப் போயிருவான். பையன் வேர்த்துப் போயி நிக்கிறத நாந்தான் பக்கத்துல இருந்து பாக்குறேன், அதுவும் அந்தக் குளிர்ல.

காசு? ஆர்கெஸ்ட்ராவுக்கு குடுக்குறதுல ஒரு ஓரத்த கிள்ளிக் குடுத்தாப் போதும். ஒரே பையன் அதே பத்து நிமிஷத்த நாலு ஊர்ல பேசுனா எந்த ஜோக்கு நிக்குது, எது படுக்குதுன்னு அவனுக்கே தெரிஞ்சிரும், ஆடிஷனுக்குப் போறப்ப கை நடுங்காது. அதுனால கமிட்டிங்க ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டு பேசிக்கிட்டா நல்லது.

யாரு நல்லா பண்றாங்கன்னு தெரியணும்னா எங்கிட்டயே கேளுங்க, ரெண்டு பொண்ணுங்க கூட இருக்காங்க, செமயா பேசும். நோட்டீஸ் அடிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, அவங்க பேரு தனியா வரணும், "மற்றும் பலர்"ல சேத்துறாதீங்க.

இப்படிக்கு,
உங்க மைக் செட்காரன்